மணிமங்கலம்: காஞ்சி பிழைத்த களம்

(தொண்டை மண்டலத்துப் போர்க்களங்கள் – 7)

சென்ற வாரம் புள்ளலூரில் நிறுத்தினோம். மகேந்திரவர்மன் அங்கே எதிரிகளை வென்றதாகப் பல்லவர் செப்பேடு பேசுகிறது. பல்லவனைக் காஞ்சி மதிலுக்குள் ஒடுங்க வைத்ததாக இரண்டாம் புலிகேசியின் ஐஹொளெ கல்வெட்டு பேசுகிறது. காஞ்சி தப்பியது என்னவோ உண்மை. ஆனால் வேங்கி நாடு சாளுக்கியர் வசமாகி, புலிகேசியின் தம்பி குப்ஜ விஷ்ணுவர்த்தனன் அங்கே ஆட்சிக்கு வந்துவிட்டான்.

நர்மதைக் கரையில் ஹர்ஷரையே தடுத்து நிறுத்தியவன் புலிகேசி. 640-ஐ ஒட்டி அவன் மறுபடியும் தெற்கே இறங்கியபோது காஞ்சி அரியணையில் இருந்தவன் மகேந்திரனின் மகன் நரசிம்மவர்மன். தகப்பனைப் போல மதிலை நம்பி அவன் உள்ளே இருக்கவில்லை, வெட்டவெளியில் மோதினான். அவனுடைய பேரன் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு அந்தக் களங்களைப் பெயர் சொல்லி அடுக்குகிறது: பரியளம், மணிமங்கலம், சூரமாரம். புறங்காட்டி ஓடிய புலிகேசியின் முதுகையே பட்டயமாக்கி அதில் வெற்றி என்று நரசிம்மன் எழுதினான் என்கிறது அந்தச் செப்பேடு. இலங்கை இளவரசன் மானவர்மனும் பல்லவன் பக்கம் நின்று போரிட்டதை ஈழத்து வரலாற்று நூல் பதிவு செய்திருக்கிறது.

அந்த மணிமங்கலம் எங்கோ தொலைவில் இல்லை. இரும்புலியூர்க்காரர்கள் முடிச்சூர் சாலையைப் பிடித்து, 2015 வெள்ளத்தில் நாடறிந்த முடிச்சூரையும் வரதராஜபுரத்தையும் தாண்டினால் வந்துவிடும். பன்னிரண்டு கிலோமீட்டர் அளவுதான். இங்கிருந்து காஞ்சி ஒரு நாள், ஒன்றரை நாள் நடை. தலைநகருக்கு அவ்வளவு அருகில் வந்துவிட்ட பகைவனை இந்த மண்ணில் தோற்கடித்ததால்தான் போரின் திசையே மாறியது. துரத்தப்பட்ட படையின் பின்னால் பல்லவர் படை வடக்கே போனது. 642-இல் சாளுக்கியர் தலைநகர் வாதாபி விழுந்தது. புலிகேசியின் பெயரும் அத்தோடு மறைகிறது. 655 வாக்கில் அவன் மகன் விக்கிரமாதித்தன் மீட்கும்வரை சாளுக்கியரால் தலைதூக்க முடியவில்லை.

நாம் கொண்டாடுவதோ வாதாபியை. நரசிம்மனுக்கு 'வாதாபி கொண்டான்' என்ற பட்டம் நிலைத்தது. அதற்கு வழிதிறந்த மணிமங்கலம் புறநகர்ப் பேருந்தின் பெயர்ப்பலகையில் ஓர் ஊராக நின்றுவிட்டது. நகரைப் பிடிப்பது பெரிதுதான். நகரைக் காப்பது அதனினும் பெரிது என்றே நான் நினைக்கிறேன். காஞ்சி அன்று விழுந்திருந்தால் மாமல்லபுரத்து ரதங்களை நாம் பார்த்திருப்போமா?

ஊருக்குள் போனால் இன்னொரு வியப்பு உண்டு. ராஜகோபாலப் பெருமாள் கோயில் சுவர்களில் சோழர் கல்வெட்டுகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று 1054-இல் நடந்த கொப்பத்துப் போரை விவரிக்கிறது: சாளுக்கியன் ஆகவமல்லனின் அம்புகள் யானையின் நெற்றியிலும் இரண்டாம் இராஜேந்திரனின் தொடையிலும் தைத்தும், சோழன் களத்தை விடவில்லை. நரசிம்மன் வென்று நானூறு ஆண்டுகளுக்குப் பிறகும் துங்கபத்திரைப் பக்கம் அதே பகை, வேறு அரசர்கள்.

பானிப்பட்டுப் போர்களின் ஆண்டுகளை நம் பிள்ளைகள் மனப்பாடம் செய்கிறார்கள், செய்யட்டும். தாம்பரம் பகுதிப் பள்ளிகள் ஒரு சனிக்கிழமை காலை அவர்களை மணிமங்கலத்துக்கும் அழைத்துப் போக வேண்டும். தருமேசுவரர் கோயிலின் தூங்கானை மாட விமானத்தையும், பெருமாள் கோயில் சுவரின் எழுத்துகளையும் ஆசிரியர் கைகாட்டிச் சொல்லட்டும். தென்னிந்திய வரலாற்றின் பெரிய திருப்பம் தங்கள் வீட்டுப் பக்கத்தில் நடந்தது என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ளட்டும்.

அடுத்த வாரம்: வாதாபிக்குள் நுழைந்த பரஞ்சோதி, சிறுத்தொண்டரான கதை.