200 மீட்டருக்கு ஐந்து நிமிட ஓய்வு

தினமும் ரோடு சைக்கிளில் நாற்பது கிலோமீட்டர் போகிறாய், ஆனால் 200 மீட்டர் ஸ்பிரிண்ட் நேரம் மட்டும் குறைய மாட்டேன் என்கிறது. அதுதானே தம்பி உன் குறை? டீயைக் குடித்துக்கொண்டே கேள். இன்னும் அதிகமாக மிதித்து இதைச் சரிசெய்ய முடியாது. முழு வேகத்தில் ஒரு ஓட்டம், பிறகு முழு ஓய்வு. உன் பயிற்சியில் இல்லாதது அந்த ஓய்வுதான்.

காரணம் தசைக்குள் இருக்கிறது. உயிரைக் கொடுத்து மிதிக்கும் முதல் எட்டுப் பத்து வினாடிக்குத் தசை மூச்சை நம்பி இருப்பதில்லை. உள்ளே சேர்த்து வைத்திருக்கும் கிரியேட்டின் பாஸ்பேட்டை எடுத்துச் செலவழிக்கிறது. மொட்டைமாடித் தொட்டி மாதிரி என்று வை. குழாயை முழுக்கத் திறந்தால் சட்டென்று காலியாகும், திரும்ப நிரப்ப மோட்டார் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். அந்த இருப்பு ஏறக்குறைய முழுதாகத் திரும்ப நான்கைந்து நிமிடம் ஆகும். ஒரு நிமிடத்திலேயே அடுத்த ஓட்டத்தைத் தொடங்கினால், களைப்பைத் தாங்கத்தான் பழகுவாய், வேகம் பழகாது.

அடுத்தது கியர். முன்னால் 50 பல், பின்னால் 17 பல் போட்டால், பெடல் ஒரு சுற்று சுற்ற வண்டி சுமார் 6.2 மீட்டர் போகும். நிமிடத்துக்கு 90 சுற்று என்றால் மணிக்கு 33 கிலோமீட்டர். அதே கியரில் 120 சுற்று என்றால் 44 கிலோமீட்டருக்கு மேல். நீ என்ன செய்கிறாய்? 33-இல் வரும்போதே 11 பல்லுக்கு இறக்கிவிடுகிறாய். பெடல் 60 சுற்றுகூட வராது. கால் கனத்து, வேகம் ஏறுவதற்குள் கோடு வந்துவிடும். 17-இல் எழுந்து மிதி. 110 சுற்றைத் தாண்டியதும் ஒவ்வொரு பல்லாகக் கனமாக்கு. பல் மாறும் அந்த அரைக் கணம் காலைச் சற்றுத் தளர்த்திக்கொள். முழு பலத்தோடு அழுத்தும்போது செயின் நழுவினால் ஆள் கீழேதான்.

இனி காற்று. 200 மீட்டரைச் சராசரி 40 கிலோமீட்டர் வேகத்தில் கடக்க 18 வினாடி, 50-இல் 14.4 வினாடி. அந்த 3.6 வினாடியைக் குறைக்க, காற்றைக் கிழிக்கும் திறன் மட்டுமே ஏறத்தாழ இரண்டு மடங்கு வேண்டும். எதிர்ப்பு வேகத்தின் வர்க்கத்தில் ஏறுகிறது. அதற்கான திறன் மும்மடியில் ஏறுகிறது. அதனால் உடம்பைச் சுருக்குவதும் பலம் சேர்ப்பதும் ஒன்றுதான். ஹேண்டில்பாரின் கீழ் வளைவைப் பிடி, முழங்கையை மடக்கு, முதுகைத் தாழ்த்து. பார்வை மட்டும் ரோட்டில் இருக்கட்டும். ஸ்பிரிண்ட் வீரர் மார்க் காவெண்டிஷின் ஓட்டத்தைப் பார். உயரம் 1.75 மீட்டர். மார்செல் கிட்டெல் போன்ற 1.88 மீட்டர் ஆட்களோடு மோதியவர். ஹேண்டில்பார்மேல் மிகத் தாழ்ந்து படுத்துத்தான் மிதித்தார். 2024 ஜூலை 3 அன்று, 39 வயதில், டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் 35-ஆவது கட்ட வெற்றி எடுத்து, எடி மெர்க்ஸின் 34 வெற்றிகள் என்ற சாதனையைத் தாண்டினார்.

இப்போது திட்டம். வாரத்துக்கு இரண்டு நாள் போதும், இரண்டுக்கும் நடுவில் குறைந்தது ஒரு நாள் இடைவெளி. இருபது நிமிடம் லேசாக மிதித்து உடம்பைச் சூடேற்று. பிறகு முழு வேகத்தில் ஐந்து 200 மீட்டர் ஓட்டம், ஒவ்வொன்றுக்கும் நடுவே ஐந்து நிமிடம் மெதுவாக உருட்டு. அந்த இரண்டில் ஒரு நாள், கனமான கியரில், கிட்டத்தட்ட நின்ற நிலையிலிருந்து எட்டு வினாடி மட்டும் எகிறி மிதி. புறப்படும் பலம் அதில் வரும். நேரம் பார்ப்பது ஒரே ரோட்டில், ஒரே தொடக்க வேகத்தில், போகும்போதும் திரும்பும்போதும் எடுத்த சராசரியாக இருக்கட்டும். இல்லாவிட்டால் பின்காற்று தந்த வினாடியை உன் கணக்கில் எழுதிவிடுவாய். வண்டி நடமாட்டமில்லாத, குழியில்லாத ரோடாகப் பார், ஹெல்மெட் கட்டாயம்.

ஒன்றை மட்டும் விடாமல் பிடித்துக்கொள். அடுத்தடுத்து இரண்டு ஓட்டத்தில் நேரம் கூடினால், கணக்கில் இன்னும் பாக்கி இருந்தாலும் அன்றைக்கு நிறுத்திவிடு. வேகம் குறைந்த பிறகு மிதிக்கும் ஒவ்வொரு ஓட்டமும் காலுக்கு மெதுவாகப் போகத்தான் கற்றுக்கொடுக்கும்.