தலைச்சுமை போனது, ஹைட்ரா வந்தது

முப்பது நாற்பது வருஷத்துக்கு முன் ஈரோட்டில் ஒரு வீட்டுக்குக் கான்கிரீட் போடுகிறார்கள் என்றால் தெருவுக்கே தெரியும். விடிவதற்குள் சித்தாள்கள் வந்துவிடுவார்கள். சவுக்குச் சாரத்தில் வரிசையாக நின்று கலவைச் சட்டியைக் கைமாற்றி மேலே ஏற்றுவார்கள். செங்கல் பெண்களின் தலையில் ஏறும். பத்து கல் ஏறத்தாழ 30 கிலோ. ஒரு பெண் கையால் தூக்கலாம் என்று 1998ஆம் ஆண்டுக் கட்டுமானத் தொழிலாளர் விதிகள் வைத்த உச்ச வரம்பும் அதே 30 கிலோதான். அதற்கு மேலும் அடுக்கிக்கொண்டு சாரம் ஏறிய பெண்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. கழுத்தும் இடுப்பும் தேய்ந்துபோன அந்தக் காலத்தை ஏக்கத்தோடு நினைக்க எனக்கு மனமில்லை.

ஆனால் அன்று சுமையின் கனம் சுமப்பவருக்குத் தெரிந்திருந்தது. இரும்பு உத்தரம் ஏற்ற வேண்டுமானால் கப்பி, வடம், பத்து ஆட்கள். மேஸ்திரியின் ஒரு குரலுக்கு வடம் இறுகும், இன்னொரு குரலுக்கு நிற்கும். வடத்தைப் பிடித்தவருக்குக் கை நடுங்கினால் அவரே கத்தி நிறுத்துவார்.

இன்று கலவையை பம்ப் ஏற்றுகிறது. பெருந்துறைப் பக்கம் ஷெட் போட ஹைட்ரா என்கிற நகரும் கிரேன் வருகிறது. இயந்திரம் வேண்டாம் என்று யாரும் சொல்ல முடியாது. பவானி ஆற்று நீரை 1,045 நீர்நிலைகளுக்குக் கொண்டுபோகும் அத்திக்கடவு–அவிநாசித் திட்டத்தின் பெரிய குழாய்களை எந்தத் தோள் குழிக்குள் இறக்கியிருக்கும்?

குறை இயந்திரத்தில் இல்லை. 14 டன் ஹைட்ரா என்று வாடகைக்கு எடுக்கிறோம். அதன் நீளும் கையான பூமை உள்ளிழுத்து, சுமையை வண்டிக்கு ஒட்டிப் பிடிக்கும்போது மட்டும்தான் அந்த 14 டன். பூமை நீட்ட நீட்ட, தாழ்த்தத் தாழ்த்த அது தூக்கும் திறன் சில டன்னாகச் சுருங்கிவிடும். எவ்வளவு தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை கேபினில் இருக்க வேண்டும். பல இடங்களில் ஆப்பரேட்டரின் அனுபவமே அட்டவணை. சுமையைத் தொங்கவிட்டபடி வண்டி நகரும். சுமை ஆடாமலிருக்க ஹெல்பர் கையால் பிடித்துக்கொண்டு முன்னால் நடப்பார். கயிறு கட்டித் தள்ளி நின்று பிடிக்க வேண்டிய வேலை அது. கால் இடறினால் சக்கரம் அவர் மேல்தான் ஏறும். மேலே மின்கம்பி போவதைப் பார்த்துச் சொல்லவும் தனி ஆள் இருப்பதில்லை.

கொங்கு நாட்டின் இன்னொரு கிரேன் கிணற்று மேட்டில் நிற்கிறது. கமலை இறைத்த கிணறுகளில் நீர் கீழே போகப் போக, ஆழப்படுத்த டீசல் என்ஜின் கிரேன் வந்தது. கல் ஏறும் அதே தொட்டியில் ஆளும் இறங்குகிறார். கல் மேலே வரும்போது அடியில் நிற்பவருக்கு ஒதுங்க இடம் கிடையாது. கம்பி வடத்தின் விட்டத்தைப் போல எட்டு மடங்கு நீளத்துக்குள், கண்ணுக்குத் தெரியும்படி அறுந்த இழைகள் மொத்த இழைகளில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இருந்தால் அந்த வடத்தைக் கழித்துவிட வேண்டும் என்பது விதி. கிணற்று மேட்டில் இழையை எண்ணிப் பார்ப்பவர் யார்?

ஆபத்து இப்போது சுமப்பவரோடு நிற்பதுமில்லை. 2023 ஜனவரியில் அரக்கோணம் அருகே கீழ்வீதியில், கோயில் திருவிழாவில் ஆட்களைத் தூக்கிய கிரேன் சாய்ந்து உயிர்கள் போயின. 2025 ஜூனில் சென்னை ராமாபுரத்தில் மெட்ரோ பாலத்தின் உத்தரங்கள் விழுந்து, பைக்கில் போய்க்கொண்டிருந்த ஒருவர் இறந்தார். அவருக்கும் அந்த வேலைக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.

இயந்திரம் வந்தபோது மேஸ்திரியின் அந்தக் குரலை நாம் தொலைத்துவிட்டோம். தமிழும் ஒடியாவும் இந்தியும் கலந்து நிற்கும் சைட்டில் இன்று அந்த வேலையைச் சைகைதான் செய்ய வேண்டும். சைகை காட்டுபவர் ஒருவராக இருக்க வேண்டும். ஆனால் ‘நிறுத்து’ என்று யார் காட்டினாலும் ஆப்பரேட்டர் நிறுத்த வேண்டும்.

வீடோ ஷெட்டோ கட்டுகிறவர்கள் கிரேன் வாடகை மணிக்கு எவ்வளவு என்று கேட்பதோடு நிற்க வேண்டாம். பரிசோதனைச் சான்று எங்கே, சைகை காட்டுவது யார் என்றும் கேளுங்கள். பதில் வராவிட்டால் வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். சுமை தரையில் இறங்கும்வரை அதன் அடியில் யாரையும் நிற்க விடாதீர்கள்.