சிறிய டீசல் இஞ்சினில் அதிக சக்தி பெறும் வழி

திருவண்ணாமலையைச் சூழ்ந்த செங்கம், போளூர், கீழ்பென்னாத்தூர் பகுதிகளின் புன்செய்களும் தோட்டக்கால்களும் கிணற்றுப் பாசனத்தைப் பெரிதும் நம்பியவை. பாறையைக் குடைந்து வெட்டிய இக்கிணறுகளில் சித்திரை, வைகாசி மாதங்களில் நீர் ஆழத்திற்கு இறங்கிவிடும். மின் இணைப்பு இல்லாத விவசாயிகளுக்கு அப்பொழுது டீசல் இஞ்சினே துணை. ஆனால் நீர் இறங்க இறங்க இஞ்சின் திணறுகிறது. "சக்தியை ஏற்றிக் கொடுங்கள்" என்று பட்டறைக்குச் செல்வோர் பலர். அவ்வாறு செல்லுமுன் அவர்கள் அறிய வேண்டியவற்றை இங்கு கூறுவோம்.

ஒற்றைச் சிலிண்டர் இஞ்சின் நமக்குப் புதிதன்று. 20-ம் நூற்றாண்டின் முதற் பத்தாண்டிலேயே ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் சென்னை மாகாணத்தில் எண்ணெய் இஞ்சினையும் பம்பையும் கொண்டு நீர் இறைக்கும் சோதனைகளை நடத்தினார். பிற்பாடு வந்த லிஸ்டர் இஞ்சின், நிமிஷத்திற்கு 650 சுற்றில் 6 குதிரைச்சக்தி கொடுத்தது. இப்பொழுது வழங்கும் 5 குதிரைச்சக்தி இஞ்சின்கள் பல 1,500 சுற்றில் ஓடுபவை.

1. வேகத்தைக் கூட்டுதல்

கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்கி வேகத்தை ஏற்றுவது பலர் கையாளும் முறை. 1,500 சுற்றை 1,650 ஆக்கினால் இஞ்சின் தரக்கூடிய சக்தி, மிகுந்தால், நூற்றுக்குப் பத்துப் பங்கு கூடும். ஆனால் பம்பு கேட்கும் சக்தியோ வேகத்தின் மும்மடிப் பெருக்கமாக உயர்வது. கணக்குப்படி நூற்றுக்கு 33 பங்கு அதிகமாகும். வரவு பத்து, செலவு முப்பத்து மூன்று. இஞ்சின் பளு தாங்காமல் கரும்புகை கக்கும். அன்றியும், சக்கரத்தைப் பிய்த்தெறியப் பார்க்கும் விசை நூற்றுக்கு 21 பங்கு மிகும். வார்ப்பிரும்புச் சக்கரத்தில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருப்பின் உயிருக்கே ஆபத்து.

2. எண்ணெயைக் கூட்டுதல்

இஞ்சினுக்குள் செல்லும் எண்ணெயின் அளவை அதிகப்படுத்துவது மற்றொரு முறை. ஒரு கிலோ டீசல் முற்றிலும் எரிய ஏறக்குறைய பதினாலரை கிலோ காற்று வேண்டும். இரண்டும் சிலிண்டரில் ஒரே சீராகக் கலவாமையால் நடைமுறையில் அதனினும் மிகுதியாகவே வேண்டும். சிலிண்டர் இழுக்கும் காற்றோ மாறாதது. ஆகையால் கூட்டிய எண்ணெய் சக்தியாவதற்குப் பதில் கரியாகிறது. அக்கரி வால்விலும் பிஸ்டன் ரிங்கிலும் படிய, நாளடைவில் முன்பிருந்த சக்தியும் போய்விடும்.

3. இழந்த சக்தியை மீட்டல்

புதிதாகச் சக்தி ஏற்றுவதைக் காட்டிலும், இஞ்சின் பிறக்கும்போது இருந்து பின்னர் இழந்த சக்தியை மீட்பதே மலிவும் உறுதியுமான வழி.

காற்று: 80 மில்லிமீட்டர் விட்டமும் 110 மில்லிமீட்டர் வீச்சும் உள்ள இஞ்சின் 1,500 சுற்றில் நிமிஷத்திற்குச் சுமார் 400 லிட்டர் காற்றை இழுக்கிறது. நிலக்கடலை வயலின் தூசி காற்று வடிகட்டியை அடைத்தால் இஞ்சினுக்கு மூச்சு முட்டும். கொட்டகைக்குள் வெப்பம் 10 டிகிரி கூடினால் காற்றின் கனம் நூற்றுக்கு மூன்று பங்கு குறையும். ஆகவே புகைக்குழலை வெளியே விட்டு, காற்றோட்டம் அமைக்க வேண்டும்.

அமுக்கம்: டீசல் தீப்பொறியால் எரிவதன்று; அமுக்கப்பட்ட காற்றின் சூட்டினால் எரிவது. ரிங்கு தேய்ந்தாலும், வால்வு சரியாக அமராவிட்டாலும் அச்சூடு குறையும். வால்வைத் தேய்த்து அமர்த்தி, டாப்பெட் இடைவெளியை இஞ்சினுடன் கொடுத்த புத்தகத்தின்படி வைக்க வேண்டும்.

தெளிப்பு: நாஸில் எண்ணெயை மூடுபனிபோல் தெளிக்க வேண்டும்; சொட்டலாகாது. பட்டறையில் சோதிக்கும்போது தெளிப்பின் எதிரே ஒருபோதும் கை நீட்டக் கூடாது. அது தோலைத் துளைத்து உட்புகும். உடனே அறுவை சிகிச்சை தேவைப்படும் காயமாகும்.

குளிர்ச்சி: கிணற்று நீர் முழுவதையும் இஞ்சின் வழியே விடுவது தவறு. வெளிவரும் நீர் 60 முதல் 70 டிகிரி வரை சூடாக இருத்தல் நலம். அளவுக்கு மீறிய குளிர்ச்சியால் எண்ணெய் வீணாகி, சிலிண்டரும் விரைவில் தேயும்.

4. புகையின் குறி

கரும்புகை, பளு மிகுதி, காற்றுக் குறைவு அல்லது நாஸில் கோளாறு. வெண்புகை, எண்ணெய் எரியாமை அல்லது நீர்க்கசிவு. நீலப்புகை, மசகு எண்ணெய் எரிதல்.

5. பம்பும் குழாயும்

விநாடிக்கு 10 லிட்டர் நீரை 15 மீட்டர் உயர்த்த 2 குதிரைச்சக்தியே தேவை. எஞ்சியது பம்பிலும் குழாயிலும் கரைகிறது. 3 அங்குலக் குழாய்க்குப் பதில் 4 அங்குலக் குழாய் வைத்தால், அதே நீருக்கு உராய்வு இழப்பு ஏறத்தாழ நாலில் ஒன்றாகும். கூர்மையான வளைவுகளை நீக்குக. ஐ.எஸ். 10805 தரத்திற்கு இணங்கிய ஃபுட் வால்வை இடுக. 1978-ல் ஏற்பட்ட பெட்ரோலியச் சேமிப்பு ஆராய்ச்சிச் சங்கம் விவசாயிகளுக்கு வற்புறுத்தி வந்திருப்பதும் இவற்றையே.

6. ஓர் எச்சரிக்கை

நீர் இறங்கியதும் பம்பைத் தாழ்வாக வைக்க வேண்டும் என்பது மெய். உறிஞ்சும் உயரம் ஆறு மீட்டருக்கு மேற்படலாகாது. ஆனால் இஞ்சினையும் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால், நிறமும் மணமும் இல்லாத கார்பன் மோனாக்ஸைடு என்னும் நச்சுவாயு உள்ளே தேங்கும். இறங்கியவர் மயங்குவார், அவரை மீட்க இறங்கியவரும் மயங்குவார். கிராம அலுவலர்கள் இதனைக் குடிகள் அனைவருக்கும் கோடைக்கு முன்பே அறிவித்தல் கடமை.

7. சோதிக்கும் முறை

200 லிட்டர் பீப்பாய் ஒன்றை நீர் விழும் இடத்தில் வைத்து, நிரம்பும் விநாடிகளை எண்ணுக. இருபது விநாடியானால் விநாடிக்கு 10 லிட்டர். ஒரு மணி நேரத்தில் செலவாகும் டீசலையும் அளந்து குறித்துக்கொள்க. பழுது பார்க்குமுன் ஒரு முறையும் பார்த்தபின் ஒரு முறையும், கிணற்று நீர்மட்டம் ஒன்றாயிருக்கும் வேளையில் அளந்தால், பட்டறைக்குக் கொடுத்த பணம் வயலுக்குத் திரும்பியதா என்பது தெரியும். இஞ்சினின் சப்தத்தையும் வேகத்தையும் கொண்டு சக்தியை மதிக்க வேண்டாம். வாய்க்காலில் ஓடும் நீரைக் கொண்டு மதியுங்கள்.