சூடு போகும் வழி – 7: ஒரே கார்டில் இரண்டு சிப்

கிராபிக்ஸ் கார்டு வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது ‘வாட்டர் கூலிங்கா, ஏர் கூலிங்கா?’ என்பதைத்தான். திண்டுக்கல்லில் அதற்கு முன்பே கேட்க வேண்டியது வேறொன்று: எத்தனை டிகிரி வரை இந்த சிப் வேகம் குறையாமல் ஓடும்? அந்த உச்சத்துக்கும் அறையின் சூட்டுக்கும் நடுவே உள்ள வித்தியாசத்தை வைத்துத்தான் எந்தக் கூலரும் வேலை செய்கிறது. சித்திரை மாதத்தில் மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கும் அறை 40 டிகிரியை எட்டிவிடும்; பகலெல்லாம் வாங்கிய வெயிலை கான்கிரீட் தளம் இரவிலும் விட்டுக்கொண்டே இருக்கும். முகூர்த்த மாதங்களில் கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் மெஷினை முழு வேகத்தில் ஓட்டுவதும் அப்போதுதான். இந்த வித்தியாசம் எவ்வளவு முக்கியம் என்பதை, 2009 முதல் 2014 வரை வந்த இரட்டை சிப் கார்டுகளைப் போலத் தெளிவாகக் காட்டுபவை வேறில்லை. தயாரிப்பாளர்கள் அவற்றில் எல்லையைத் தொட்டே பார்த்துவிட்டார்கள்.

2009-இல் ஏஎம்டி வெளியிட்ட ரேடியான் ஹெச்டி 5970, 294 வாட் இழுக்கும், ஒரு அடிக்கும் சற்று நீளமான கார்டு. அதன் ஒரு முனையில் புளோயர். அங்கிருந்து புறப்படும் காற்று முதல் சிப்பின் தகடுகளைக் கடந்து, சூடேறிய பிறகுதான் இரண்டாவதற்குப் போய்ச் சேரும். இரண்டு சிப்புக்கும் ஒரே சுமை, ஆனால் ஒன்றுக்கு மட்டும் புதுக்காற்று. 2011-இல் வந்த ஹெச்டி 6990-இல் இதற்குத் தீர்வாக ஃபேனை நடுவில் வைத்து, இருபுறமும் ஒவ்வொரு வேப்பர் சேம்பர் கொடுத்தார்கள். 2012 மே மாதம் என்விடியா கொண்டுவந்த ஜிடிஎக்ஸ் 690-உம் அதே வழிதான். மெக்னீசியக் கலவையில் செய்த ஃபேன் கூடு, குரோமியம் பூசிய அலுமினியச் சட்டம், உள்ளே தகடுகள் தெரியும்படி சிறு கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் ஜன்னல் என்று அழகாகச் செய்த பொருள் அது. இப்போது இரண்டு சிப்புக்கும் சம அளவில் புதுக்காற்று கிடைத்தது. ஆனால் பாதிக் காற்றுதான் பின்பக்கத் துளைகள் வழியே வெளியேறும். மீதிப் பாதி கேபினெட்டுக்குள்ளேயே விழும். 300 வாட் கார்டு என்றால் ஏறக்குறைய 150 வாட் சூடு பெட்டிக்குள் தங்கி, அதே ஃபேன் மறுபடி அதையே இழுக்கும். சிப்புகளுக்கு இடையே இருந்த சிக்கல் தீர்ந்து, கேபினெட்டின் தலையில் வந்து விடிந்தது.

2014 ஏப்ரலில் வந்த ரேடியான் ஆர்9 295எக்ஸ்2-இன் அளவு 500 வாட்; ஏழு சீலிங் ஃபேன் இழுக்கும் மின்சாரம் ஒரே கார்டில். காற்று மட்டும் போதாது என்று ஏசிடெக் நிறுவனத்தின் மூடிய வாட்டர் கூலரை வைத்தார்கள்: ஒவ்வொரு சிப்பின் மேலும் ஒரு பம்ப், கார்டுக்கு வெளியே 120 மில்லிமீட்டர் ரேடியேட்டர், மின்னழுத்தம் குறைக்கும் பாகங்களுக்கென்று நடுவில் ஒரு தனி ஃபேன். இங்கேதான் நம் ஊர்க் கணக்கு தலைகீழாகிறது. இந்தக் கார்டின் உச்சம் 75 டிகிரி. ஜிடிஎக்ஸ் 690-க்கு 98. அறை 25 டிகிரியாக இருக்கும்போது வாட்டர் கூலருக்குக் கிடைப்பது 50 டிகிரி வித்தியாசம். 40 டிகிரி அறையில் அது 35 ஆகிறது, முப்பது சதவீத இழப்பு. காற்றில் ஓடும் 690-க்கு 73 என்பது 58 ஆகிறது. இழப்பு இருபது சதவீதம்தான். குளிர்ந்த நாட்டில் வாட்டர் கூலருக்கு இருக்கும் அனுகூலத்தில் ஒரு பகுதியை நம் வெயில் அப்படியே பிடுங்கிக்கொள்கிறது.

‘தண்ணீர் குளிர்ச்சியானதுதானே’ என்று சொல்பவர்கள் உண்டு. தண்ணீர் சூட்டை இடம் மாற்றுகிறது, அவ்வளவுதான். கடைசியில் ரேடியேட்டர் அதை அதே 40 டிகிரி காற்றிடம்தான் கொடுத்தாக வேண்டும். காற்றை விடக் குளிர்ந்த தண்ணீரை எந்த ரேடியேட்டராலும் திருப்பித் தர முடியாது. அதைப் பொருத்துவதிலும் சங்கடம் இருக்கிறது. காற்றை வெளியே தள்ளும்படி வைத்தால் கேபினெட்டின் சூடான காற்றைத்தான் இழுக்கும். உள்ளே இழுக்கும்படி வைத்தால் புதுக்காற்று கிடைக்கும், ஆனால் 500 வாட்டில் பெரும்பகுதி மற்ற பாகங்களின் மேல் இறங்கும். ஃபேன் வேகத்தைக் கூட்டலாமே என்றால், வேகம் இரட்டிப்பானால் ஃபேனுக்கு ஆகும் மின்சாரம் எட்டு மடங்கு. சத்தமும் தூசியும் தனி. திண்டுக்கல், வேடசந்தூர்ப் பக்கம் ஸ்பின்னிங் மில்கள் நிறைய. பஞ்சுத் தூசு ஃபேனுக்கும் ரேடியேட்டர் தகடுகளுக்கும் நடுவே மெல்லிய கம்பளி போலப் படியும். வெளியிலிருந்து பார்த்தால் சுத்தமாகத்தான் தெரியும். நான்கு ஸ்க்ரூவைக் கழற்றி ஃபேனைத் தூக்கினால்தான் அது கண்ணில் படும்.

ஏ.சி. போட்டால் தீராதா என்பது நியாயமான கேள்வி, தீரும் என்பதுதான் நேர்மையான பதில். ஒரு டன் ஏ.சி. சுமார் 3,500 வாட் சூட்டை வெளியேற்றும்; இப்படிப்பட்ட ஒரு மெஷின் முழுச் சுமையில் அதில் ஐந்தில் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். அந்தக் கரண்ட் பில்லையும் சேர்த்துத்தான் கார்டின் விலையைக் கணக்கிட வேண்டும். கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடும்போது கம்ப்யூட்டர் ஓடும், ஏ.சி. பெரும்பாலும் ஓடாது.

இரட்டை சிப் கார்டுகள் கடைகளிலிருந்து போய்விட்டாலும் கணக்கு போகவில்லை. 2025-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 5090 ஒரே சிப்பில் 575 வாட் இழுக்கிறது. என்விடியாவின் சொந்த வடிவமைப்பில் காற்று கார்டை ஊடுருவி கேபினெட்டுக்குள்ளேதான் வெளியேறுகிறது. இந்த ஊரில் அதை வாங்குகிறவர்கள், பெரிய கூலருக்குக் கூடுதலாகச் செலவழிக்கும் முன் டிரைவர் மென்பொருளில் பவர் லிமிட்டை எண்பது சதவீதத்துக்கு இறக்கிப் பார்க்கட்டும். உச்ச வேகத்தின் கடைசிச் சில சதவீதத்துக்குத்தான் மின்னழுத்தம் அதிகமாகத் தேவை. அதை விட்டால் வேகம் கொஞ்சம் குறையும், சூடு நிறையவே குறையும். பிறகு கேபினெட்டை மேசைக்கடியில் சுவரோடு ஒட்டி வைக்காமல் பின்பக்கம் ஒரு சாண் இடம் விட்டு, சுவரின் மேல்பகுதியில் ஓர் எக்ஸாஸ்ட் ஃபேனும் பொருத்த வேண்டும். இரண்டையும் செய்த பிறகும் சிப் உச்சத்தைத் தொட்டால்தான் கூலரை மாற்றுவதைப் பற்றி யோசிக்க வேண்டும்.