திசையன் வரைகலை வடிவமும் இடஞ்சார் வினவலும்: நொய்யல் குளங்களை முன்வைத்து

முன்னுரை

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றி, கோயம்புத்தூர், திருப்பூர் வழியாகக் கிழக்கே பாய்ந்து காவிரியில் கலக்கிறது நொய்யல் ஆறு. அதன் அணைக்கட்டுகளிலிருந்து பிரியும் வாய்க்கால்கள் கோவைக் குளங்களை நிரப்புகின்றன. இக்குளங்களை வரைபடத்தில் காட்டுவது வேறு. அவற்றைக் குறித்து வரைபடத்திடம் வினவி விடை பெறுவது வேறு. எஸ்.வி.ஜி. என்னும் திசையன் வரைகலை வடிவம் இரண்டாவது பணிக்கு எவ்வளவு உதவும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

பண்பு வினவல்

வருடியெடுத்த வரைபடம் படப்புள்ளிகளின் தொகுப்பாகும். அதில் குளம் வெறும் நிறமே. உலகளாவிய வலைக் கூட்டமைப்பு 2001-இல் பரிந்துரைத்த எஸ்.வி.ஜி., எக்ஸ்.எம்.எல். மொழியில் அமைந்தது. அதில் ஒவ்வொரு குளத்தையும் தனி உறுப்பாக அமைத்து, பெயர், பரப்பு முதலிய பண்புகளைச் சேர்க்கலாம். ஆகவே, ‘வாலாங்குளம்’ என வினவினால் அவ்வடிவத்தை மட்டும் பிரித்தெடுக்க இயலும்.

இடஞ்சார் வினவல்

‘ஆற்றிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் உள்ள குளங்கள் எவை?’ என்ற வினாவுக்குப் பெயர் போதாது. இங்கு மூன்று செய்திகளைக் கருத வேண்டும்.

முதலாவது, ஆயத்தொலைவு. எஸ்.வி.ஜி.யின் செங்குத்து அச்சு கீழ்நோக்கிக் கூடும். அட்சரேகையோ வடக்கு நோக்கிக் கூடும். எனவே குறிமாற்றம் தேவை. தொலைவை அளக்க, பாகைகளை மீட்டர் அளவிலான வீழலுக்கு மாற்றவேண்டும். கோவைக்கு அது யூ.டி.எம். 43 வடக்கு மண்டலம்.

இரண்டாவது, எல்லைச் செவ்வகம். மேற்கிலிருந்து கிழக்காக நீளும் நொய்யலைச் சூழ்ந்து செவ்வகம் வரைந்தால், ஆற்றிலிருந்து விலகிய குளங்களும் அதற்குள் அடங்கும். ஆகவே செவ்வகச் சோதனை முதற்கட்ட வடிகட்டியே. உண்மையான வடிவத்தைக் கொண்டே முடிவுசெய்ய வேண்டும்.

மூன்றாவது, வளைகோடு. எஸ்.வி.ஜி. பெசியர் வளைகோடுகளை ஏற்கும். ஜியோஜேசன் நேர்கோட்டுத் துண்டுகளையே ஏற்கும். வளைகோட்டைத் துண்டுகளாக்கும் நுட்பத்திற்கேற்பக் குளத்தின் பரப்பு மாறும்.

உக்கடம் பெரியகுளத்தின் உபரிநீர் வாலாங்குளத்தைச் சேர்வது போன்ற உறவை வடிவமோ தொலைவோ உணர்த்தாது. அதனைத் திசையுடன் கூடிய இணைப்பாகத் தனியே பதியவேண்டும்.

முடிவுரை

இடத்தரவைப் போஸ்ட்ஜி.ஐ.எஸ். போன்ற தரவுத்தளத்தில் வைத்து ஆராய்ந்து, முடிவை மட்டும் எஸ்.வி.ஜி.யாக வெளியிடுவதே தக்க முறை. அத்தரவுத்தளத்தில் இம்மாற்றத்திற்கெனத் தனிச் சார்பும் உண்டு. குள எல்லையையும் ஆக்கிரமிப்பையும் அளக்கும் ஆய்வுகளில், திரைக்காக வரைந்த கோட்டினை நில அளவைக் கோடாகக் கொள்ளலாகாது. அளவைத் தரவின் மூலமும் வீழலும் வரைபடத்துடன் சேர்ந்தே பதிவாகும்போதுதான் பிறர் அம்முடிவைச் சரிபார்க்க இயலும்.