தைப்பதற்கு முன் துணியை நனைத்தல்
கேத்திப் பகுதித் தையற் சங்க அங்கத்தினர்கட்குச் சில குறிப்புகள்

தையற்றொழில் நடைபெறும் இடங்களில் நெடுநாளாக வழங்கிவரும் வினா ஒன்றுண்டு. கடையிலிருந்து வந்த புதுத்துணியை நனைத்து உலர்த்திய பின்னர் வெட்டுதல் நன்றோ, அன்றி வந்தவாறே வெட்டித் தைத்தல் நன்றோ என்பதே அது. நனைத்தால் துணியின் மெருகு போய்விடும், நேரமும் வீணாகும் என்பார் ஒரு சாரார். நனையாது தைத்தால் முதற்சலவையிலேயே உடை குட்டையாகிவிடும் என்பார் மற்றொரு சாரார். இரு சாரார் கூற்றிலும் உண்மை உண்டு. எத்துணிக்கு எது பொருந்தும் என்று அறிந்துகொள்வதே நமக்கு வேண்டுவது.

இது அற்ப விஷயமென்று சிலர் எண்ணலாம். தேயிலைத் தோட்டத்தில் நாட்கூலி பெறும் தாயொருத்தி, ஆண்டுக்கொரு முறை தன் மகனுக்காக எடுக்கும் துணியைச் சங்கத்தில் ஒப்படைக்கிறாள் என்று கொள்வோம். காலர் 13 அங்குலமும் கால்சட்டை 36 அங்குல நீளமும் வைத்து அளவு தவறாமல் தைத்துக் கொடுத்தாயிற்று. அத்துணி நூற்றுக்கு ஐந்து வீதம் சுருங்குமாயின், முதற்சலவைக்குப் பின் காலர் 12¼ அங்குலத்திற்குச் சற்றே மிகுதியாகவும், கால்சட்டை 34 அங்குலத்திற்குச் சற்றே மிகுதியாகவும் நிற்கும். கழுத்துப் பித்தான் பூட்ட வராது. அத்தாய் ஆலையையோ கடையையோ குறை கூறமாட்டாள். தைத்தவரையே குறை கூறுவாள். அவளுக்கு நஷ்டமாவது ஓராண்டின் துணி. சங்கத்திற்கு நஷ்டமாவது அவளுடைய நம்பிக்கை.

1. துணி சுருங்குவதன் காரணம்

தறியில் பாவு நூல் இறுக இழுக்கப்பட்ட நிலையில் நெய்யப்படுகிறது. ஆலையில் வெளுத்தல், சாயமிடுதல், கஞ்சியிடுதல் முதலிய வேலைகளின்போதும் துணி நீளவாக்கில் இழுக்கப்படுகிறது. இவ்வாறு இழுபட்ட துணி கஞ்சிப்பசையின் வலியால் அந்நிலையிலேயே நிற்கிறது. நீரில் நனைந்தவுடன் பசை இளகி, துணி தன் இயல்பான அளவிற்குத் திரும்புகிறது.

மற்றொரு காரணமும் உண்டு. பருத்தி நார் நீரை உறிஞ்சிப் பருக்கும். ஊடை நூல் பருத்தவுடன், அதன் மேலும் கீழுமாக வளைந்து செல்லும் பாவு நூல் முன்னிலும் அதிகமாக வளையவேண்டியதாகிறது. நூலின் நீளம் மாறாவிடினும், வளைவு மிகுந்தமையால் துணியின் நீளம் குறைகிறது. ஆகவேதான் பெரும்பாலான துணிகள் அகலத்தைக் காட்டிலும் நீளத்தில் அதிகம் சுருங்குகின்றன.

2. எத்துணி எவ்வளவு சுருங்கும்

முன்கூட்டிச் சுருக்கப்படாத பருத்தித் துணி நூற்றுக்கு 3 முதல் 5 வரையில் சுருங்குதல் சாதாரணம். காடாத்துணி, கதர், தளர்ந்த நெசவுடைய கைத்தறித்துணி ஆகியவை 10 வரையிலும் சுருங்கக்கூடும். இதில் பெரும்பகுதி முதற்சலவையிலும், எஞ்சியது அடுத்த சில சலவைகளிலும் நிகழும். பாலியெஸ்டர் கலந்த துணி மிகக் குறைவாகவே சுருங்கும்.

இக்குறையை ஆலையிலேயே நீக்குவதற்கு அமெரிக்க தேசத்து ஸான்ஃபர்ட் கிளூயெட் என்பவர் 1930-இல் ஓர் உபாயம் கண்டார். ஈரமாக்கிய துணியைப் பொறியினால் நீளவாக்கில் நெருக்கி, சுருங்கவேண்டிய அளவை முன்னரே சுருக்கிவிடுவது அம்முறை. அவர் பெயராலேயே அது ‘ஸான்ஃபரைஸ்’ எனப்படுகிறது. அவ்வாறு செவ்வையாகச் செய்யப்பட்ட துணி நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் சுருங்குவதில்லை. துணியின் ஓரத்திலோ சுருளின் சீட்டிலோ இம்முத்திரை உளதாவெனப் பார்த்தல் நலம்.

கம்பளியின் இயல்பு வேறு. கம்பளி நாரின்மேல் மீனின் செதில் போன்ற நுண்செதில்கள் உண்டு. வெந்நீரில் இட்டுக் கசக்கினால் அச்செதில்கள் ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டு துணி திரண்டு தடித்துவிடும். பின்னர் அதனை விரிக்க இயலாது. ஆகவே கம்பளித்துணியைப் பருத்தித்துணிபோல் துவைத்தல் ஆகாது. ஈரத்துணியை அதன்மேல் பரப்பி, இஸ்திரிப்பெட்டியினால் ஆவி ஏற்றி, ஆறவிட்டுப் பின் வெட்டுதலே தக்கது.

3. இரு துணி சேருமிடம்

நம் பெண்டிர் இவ்விஷயத்தை முன்னரே நன்கறிவர். புடவைக்கு ‘பால்ஸ்’ தைக்குமுன் அதனை நனைத்து, உலர்த்தி, இஸ்திரி போட்டுப் பின்னரே தைப்பது வழக்கம். ரவிக்கையின் லைனிங் துணியையும் அவ்வாறே செய்வர். காரணம் யாதெனில், சுருங்காத துணியோடு சுருங்கும் துணியைச் சேர்த்துத் தைத்தால், சலவையில் ஒன்று இழுக்க மற்றொன்று கொசுவிக்கொள்ளும். காலரின் உள்ளிடும் கான்வாஸ், பாவாடை நாடா, பருத்தி லேஸ் ஆகியவற்றிற்கும் இவ்விதி பொருந்தும். மேற்றுணியை நனைக்காவிடினும் இவற்றை நனைத்தே தைத்தல் வேண்டும்.

ஒட்டுப்போர்வை தைப்பதிலும் இதுவே முக்கியம். குளிர் மிகுந்த நம் பகுதியில், வெட்டி மீந்த துண்டுகளைச் சேர்த்துப் போர்வை தைத்து விற்பது சங்கத்திற்கு நல்ல உபதொழிலாகும். ஆனால் பாப்ளின், கதர், பாலியெஸ்டர் கலப்பு என்று பலவகைத் துண்டுகள் ஒரே போர்வையில் சேர்வதால், ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் சுருங்கித் தையல் கோணிப்போகும். வங்காளத்துக் காந்தாவும் கன்னட நாட்டுக் கௌதியும் பழந்துணிகளை அடுக்கித் தைக்கப்படுபவை. பலமுறை வெளுக்கப்பட்ட அத்துணிகள் சுருங்கவேண்டிய அளவு முன்னரே சுருங்கியவை. ஆதலின் அவற்றில் இத்தொல்லை இல்லை. புதுத்துண்டுகளைக் கொண்டு தைப்போர் முதலில் நனைத்தல் அவசியம். எல்லாத் துண்டும் ஒரே வகைத் துணியாயிருந்து, சலவைக்குப் பின் சிறு சுருக்கங்களோடு பழம்போர்வை போன்ற தோற்றம் வேண்டுமென விரும்புவோர், நனையாமலும் தைக்கலாம்.

4. சாயம் ஊறுதல்

சுருங்குவதைக் காட்டிலும் சாயம் ஊறுதல் பெருநஷ்டம் தரும். சிவப்பு, கருநீலம், கறுப்பு ஆகிய அடர்ந்த நிறங்களில் நூலோடு ஒட்டாத மிகைச்சாயம் தங்கியிருப்பதுண்டு. வெள்ளைத்துணி ஒன்றை நனைத்துப் புதுத்துணியின்மேல் அழுந்தத் தேய்த்துப் பார்த்தால் உண்மை விளங்கும்.

உப்புநீரில் ஊறவைத்தால் சாயம் நிலைத்துவிடும் என்னும் நம்பிக்கை எங்கும் பரவியுள்ளது. சிலவகைச் சாயங்கள் உப்புநீரில் இருக்கும் அவ்வேளைக்குக் குறைவாகக் கரையும் என்பது மெய்யே. ஆனால் முன்னரே சாயமிட்ட துணியில் உப்போ காடியோ சாயத்தை நிலைநிறுத்தாது. மிகைச்சாயம் போகும்வரை தனியே அலசுதலே செய்யத்தக்கது. மூன்று நான்கு முறை அலசியும் நீர் தெளியாத துணியை வெள்ளையோடு சேர்த்துத் தைத்தலாகாது.

நம் மலைத் தோடர்களின் எம்பிராய்டரி 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது. வெண்பருத்தித் துணியில் இழைகளை எண்ணிச் சிவப்பும் கறுப்புமான நூலினால் செய்யப்படும் வேலை அது. இத்தகைய வேலையில் துணியைக் காட்டிலும் சிவப்பு நூலையே முதலில் சோதித்தல் வேண்டும். துணியை நனைத்தால் இழைகள் நெருங்கி எண்ணுதல் கடினமாகலாம். ஆதலின் சிறு துண்டில் பார்த்தே தீர்மானித்தல் தகும்.

5. சொல்லாது விட்ட ஒரு சொல்

நம் தேசத்துத் துணியைப்பற்றி வழங்கும் வரலாறு ஒன்று இங்கே கூறத்தக்கது. 1958-இல் வில்லியம் ஜேக்கப்ஸன் என்னும் அமெரிக்க வியாபாரி, கேப்டன் சி. பி. கிருஷ்ணன் நாயர் என்பவரிடம் சென்னைக் கட்டம்போட்ட கைத்தறித்துணியை வாங்கினார். இயற்கைச் சாயமிட்ட அத்துணியைக் குளிர்ந்த நீரில் மெல்ல அலசவேண்டும் என்று நாயர் எச்சரித்தனுப்பினார். ஜேக்கப்ஸன் அதில் 10,000 கெஜத்தை நியூயார்க்கின் ப்ரூக்ஸ் பிரதர்ஸ் நிறுவனத்தாருக்கு விற்றார். எச்சரிக்கையைச் சொல்ல மறந்தார். உடைகள் தைத்து விற்கப்பட்டன. வாங்கினோர் வழக்கம்போல் சலவை செய்ய, சாயம் ஊறி நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. புகார்கள் குவிந்து, வழக்கு வரையில் பேச்சு எழுந்தது. பின்னர், சாயம் கலந்து புதுப்புது நிறம் கொள்வதே இத்துணியின் சிறப்பு என்று ஒரு பத்திரிகையின் வாயிலாக விளம்பரம் செய்து, நஷ்டத்தை லாபமாக மாற்றினர்.

அவ்வதிர்ஷ்டம் எல்லோருக்கும் வாய்ப்பதன்று. அத்துணியில் குற்றமில்லை, அதனை எவ்வாறு நனைப்பது என்னும் ஒரு சொல் கைமாறும்போது விடுபட்டதே குற்றம். நம் சங்கங்களிலும் துணி வாங்குபவர் ஒருவர், வெட்டுபவர் ஒருவர், தைப்பவர் ஒருவர், உடுப்பவர் ஒருவர். இந்நால்வருள் எவரிடத்தில் சொல் நின்றுபோயினும் கேடு கடைசியில் உடுப்பவரையே சேரும்.

6. சோதிக்கும் முறை

ஒவ்வொரு புதிய சுருளிலிருந்தும் ஒரு மாதிரித் துண்டு வெட்டிக்கொள்க. அதில் பாவு வழியும் ஊடை வழியும் 50 செண்டிமீட்டர் அளந்து, நிறமாறாத நூலினால் அடையாளமிடுக. உடுப்பவர் எவ்வாறு துவைப்பாரோ அவ்வாறே சோப்பிட்டுத் துவைத்து, நன்கு உலர்த்தி, இஸ்திரியிட்டு மீண்டும் அளக்க. ஒரு செண்டிமீட்டர் குறைந்தால் நூற்றுக்கு இரண்டு. இரண்டு குறைந்தால் நூற்றுக்கு நான்கு என்று அறிக.

நூற்றுக்கு ஒன்றுக்கு மேற்படாவிடில் அப்படியே வெட்டலாம். ஒன்றுக்கு மேல் மூன்று வரையில் இருப்பின், வெட்டும்போது அவ்வளவு மிகுதி விட்டு, ஓரத்தில் உள்மடிப்பும் வைத்தல் போதும். மூன்றுக்கு மேற்படின் முழுத்துணியையும் நனைத்தல் வேண்டும். அப்போது வாங்கும் அளவும் மாறும். நூற்றுக்கு ஐந்து சுருங்கும் துணியில், நனைத்த பின் 2½ மீட்டர் வேண்டுமாயின், 2 மீட்டர் 63 செண்டிமீட்டருக்குக் குறையாமல் வாங்குதல் அவசியம்.

பள்ளிச் சீருடை போன்ற பெருவேலைகளில் ஆயிரக்கணக்கான உடைகட்கான துணியை நனைத்து உலர்த்துதல் கூடாத காரியம். ஆனால் சுருளுக்கொரு மாதிரித் துண்டை நனைப்பது எச்சங்கத்தாலும் கூடும். அதனால் அறிந்த அளவை வெட்டும் மாதிரித்தாளில் சேர்த்துக்கொண்டால், பிள்ளைகளின் உடை குட்டையாகாது.

குழந்தைகளின் உடைக்குரிய துணியை, சுருங்கினும் சுருங்காவிடினும், ஒருமுறை அலசியே தைக்க. கசங்காத் துணிகளில் இடப்படும் மருந்துகள் சிலருடைய மேனியில் அரிப்பு உண்டாக்குவதுண்டு.

7. நனைக்கும் முறையும் காலமும்

வெட்டிய ஓரங்களில் நூல் பிரியாதபடி இழையோட்டம் இடுக. துணியை மடிப்பு மடிப்பாகத் தொட்டியில் இட்டு, நீர் எங்கும் ஊறும்படி சில மணி நேரம் வைத்திருக்க. அடர்நிறங்களைத் தனித்தனியே நனைக்க. முறுக்கிப் பிழிதல் கூடாது; நெசவு கோணிப்போகும். நீளம் தொய்யாதபடி விரித்து, நிறத்துணியை நிழலிலும் வெள்ளையை வெயிலிலும் உலர்த்தி, சிறிது ஈரம் இருக்கையிலேயே இழுக்காமல் இஸ்திரி போடுக. மெருகு போயிற்றே என்று வருந்துவோர், நீர்த்த அரிசிக்கஞ்சியிட்டால் வெட்டுவதற்கு வேண்டிய விறைப்பு மீண்டும் உண்டாகும். தடித்த ஆலைக்கஞ்சி நீங்குவதால் ஊசியும் எளிதாக ஓடும். 1949-இல் ஏற்பட்ட ஊசித் தொழிற்சாலையைத் தன்னகத்தே உடைய கேத்திப் பகுதியாருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

காலமறிந்து செய்தலே நம் மலையில் பெரிது. சூன் மாதத்தில் பள்ளி திறக்கும். தென்மேற்குப் பருவமழையும் அப்போதே தொடங்கும். மூடுபனியில் துணி இரண்டு மூன்று நாளாயினும் ஈரம் விடாது; அரைகுறையாக உலர்ந்ததை மடித்து வைத்தால் பூஞ்சை படியும். ஆகவே தையும் மாசியும் பங்குனியும் வெயில் தெளிந்திருக்கும் காலத்தில் துணியை வாங்கி, நனைத்து, உலர்த்தி, நன்கு மடித்துச் சேமித்துக்கொள்க. உறைபனி விழும் இரவுகளில் ஈரத்துணியை வெளியே விடலாகாது. பகல் வெயிலிலேயே உலர்த்தி எடுத்துவிடுக.

8. சங்கத்தின் கடமை

ஒவ்வொரு சுருளுக்கும் ஒரு சீட்டு எழுதிவைத்தல் நலம். வாங்கிய தேதி, துணியின் வகை, நீளத்திலும் அகலத்திலும் சுருங்கிய அளவு, சாயம் ஊறியதா என்பது, நனைத்தாயிற்றா என்பது ஆகிய ஐந்து விவரங்கள் அதில் இருந்தால் போதும். அச்சீட்டு வெட்டுபவர் மேசை வரையில் துணியோடு செல்லவேண்டும். உடையை ஒப்படைக்கும்போது, எவ்வாறு துவைப்பதென்று உடுப்பவருக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும்.

ஒரு மாதிரித் துண்டும் ஒரு வாளித் தண்ணீரும் ஒருநாள் வெயிலுமே இச்சோதனைக்கு ஆகும் செலவு. சங்க அங்கத்தினர்கள் அடுத்துவரும் சுருளிலேயே இதனைத் தொடங்கி, கண்ட அளவுகளைக் கூட்டத்தில் யாவரும் அறியப் படித்துக் காட்டுவார்களாக.