பஸ்சில் கருமருந்து... பார்சலில் கேப்பு... மாட்டினா கம்பி எண்ணணும்! வெடிமருந்து கொண்டு போக என்னென்ன ரூல்ஸ்?

நல்லம்பள்ளி:
தர்மபுரி மாவட்டத்துல காட்டை ஒட்டிய கிராமங்களில் நாட்டுத்துப்பாக்கி புதுசு இல்லை. காட்டுப்பன்றி நிலக்கடலையை தோண்டுது, மரவள்ளியை சாய்க்குதுன்னு பயிர் காவலுக்கு முறைப்படி லைசென்ஸ் வாங்கி வைத்திருப்பவர்களும் உண்டு. லைசென்ஸ் இல்லாம ஒளிச்சு வைத்திருப்பவர்களும் உண்டு. ஒளிச்சு வைத்திருப்பதை தாமாகவே ஒப்படையுங்க என்று போலீசாரும் வனத்துறையினரும் அடிக்கடி தண்டோரா போடுவது ஊருக்கே தெரியும்.

ஆனா துப்பாக்கிக்கு லைசென்ஸ் இருந்தா போதும், அதுக்கு வேண்டிய கருமருந்து, கேப்பு, பால்ரஸ் குண்டு எல்லாத்தையும் எப்படி வேணும்னாலும் கொண்டு வரலாம் என்று பலரும் நினைக்கிறாங்க. மஞ்சப்பையில் சுத்தி பஸ்சில் எடுத்து வர்றது, பட்டாசுன்னு சொல்லி பார்சல் சர்வீசில் போடுறது... இதெல்லாம் உயிருக்கும் ஆபத்து, சட்டத்துக்கும் விரோதம்.

எதுக்கு எந்த சட்டம்?

தோட்டா என்றால் முழு தோட்டா மட்டும் இல்லை. 1959-ம் ஆண்டு ஆயுத சட்டப்படி தோட்டாவோட பாகங்கள், அதை செய்யுற மெஷின், மத்திய அரசு அறிவிச்ச மூலப்பொருட்கள் எல்லாமே 'வெடிபொருள்' கணக்கில்தான் வரும். சுட்டு முடிச்ச காலி தோட்டாவில் திரும்ப மருந்து அடைச்சு விக்கலாம் என்று யாராவது நினைச்சா அது தயாரிப்பு ஆகிடும். அதுக்கு தனி லைசென்ஸ் வேணும்.

கருமருந்து 1884-ம் ஆண்டு வெடிபொருள் சட்டத்துக்குள்ளும் வருது. அதன் கீழ் இப்போ நடைமுறையில் இருப்பது 2008-ம் ஆண்டு விதிகள். இதில் வெடிபொருட்களை 8 வகுப்பாக பிரிச்சிருக்காங்க. கருமருந்து 1-வது வகுப்பு. கேப்பு, தோட்டா, டெட்டனேட்டர் எல்லாம் 6-வது வகுப்பு. பட்டாசு 7-வது வகுப்பு. இதை கவனிக்கும் மத்திய அரசு துறையின் தலைமை அலுவலகம் நாக்பூரில் இருக்கு. சென்னையிலும் அலுவலகம் உண்டு.

ஏன் இத்தனை கெடுபிடி?

கருமருந்து என்பது வெடியுப்பு, கந்தகம், கரித்தூள் கலந்த பொடி. ஒரு பீடி நெருப்பு போதும், ஒரு பொறி போதும், குப்புன்னு பிடிச்சுக்கும். மூடி இறுக்கமான டப்பாவில் இருந்தா அதுவே குண்டு மாதிரி வெடிக்கும். கேப்பு அதுக்கும் மேலே. நெருப்பே வேணாம், பலமான அடி விழுந்தாலே வெடிக்கும். அதனாலதான் பற்ற வைக்கிற பொருளையும் வெடிக்கிற பொருளையும் ஒண்ணா கட்டி அனுப்பக்கூடாது என்கிறாங்க. குவாரிக்கு போகும் டெட்டனேட்டரையும் ஜெலட்டின் குச்சியையும் சாதாரண வண்டியில் சேர்த்து ஏத்தக்கூடாது என்பதுக்கும் இதே காரணம்தான்.

விழுப்புரம் மாவட்டம் செண்டூரில் 2007 ஏப்ரலில் ஜெலட்டின் ஏற்றி வந்த ஜீப் வெடிச்சு பத்து பேருக்கு மேல் பலியானாங்க. கர்நாடக மாநிலம் சிவமொக்கா அருகே ஹுணசோடுவில் 2021 ஜனவரி 21-ந் தேதி இரவு குவாரி பகுதியில் வெடிபொருள் லாரி வெடிச்சது. அந்த அதிர்ச்சி பக்கத்து மாவட்டங்கள் வரைக்கும் தெரிஞ்சது.

நம்ம மாவட்டமும் தப்பவில்லை. ஓசூர் எல்லையில் அத்திப்பள்ளி பட்டாசு கடையில் 2023 அக்டோபர் 7-ந் தேதி சரக்கு இறக்கும்போது தீப்பிடிச்சது. அதில் கருகியவர்களில் அரூர் பக்கம் அம்மாபேட்டை கிராமத்து இளைஞர்களும் இருந்தாங்க. தீபாவளி சீசனில் நாலு காசு பார்க்கலாம்னு வேலைக்கு போன பிள்ளைங்க.

ரோட்டில் போகணும்னா...

வெடிபொருள் மொத்தமாக போகும் வேனுக்கு தனி லைசென்ஸ் வேணும். வண்டியில் 'வெடிபொருள்' என்று போர்டு இருக்கணும். தீயணைப்பு கருவி இருக்கணும். பயணிகளை ஏத்தக்கூடாது, யாரும் பீடி சிகரெட் பிடிக்கக்கூடாது. ஏத்துறது இறக்குறது பகலில்தான். போக்குவரத்து பாஸ் கையில் இருக்கணும். ஆபத்தான சரக்கு ஓட்டும் டிரைவருக்கு தனி பயிற்சியும், லைசென்சில் அதற்கான பதிவும் கட்டாயம்.

நல்லம்பள்ளிக்காரங்களுக்கு இது ரொம்ப முக்கியம். பெங்களூரு - சேலம் ரோட்டில் பாளையம் டோல்கேட்டை தாண்டினா தொப்பூர் கணவாய். 2024 ஜனவரி 24-ந் தேதி அங்கே லாரிகளும் காரும் மோதி தீப்பிடிச்சதில் 4 பேர் பலியானாங்க. அந்த மாதிரி நேரத்தில் ஒரு லாரியில் திருட்டுத்தனமா வெடிமருந்து மூட்டை இருந்தா என்ன ஆகும்? அணைக்க போற தீயணைப்பு வீரர்களுக்கே உள்ளே என்ன இருக்குன்னு தெரியாது.

ரெயில், தபால், விமானம்?

ரெயிலில் அனுமதி இல்லாம ஆபத்தான பொருள் கொண்டு போனா ரெயில்வே சட்டம் 164-வது பிரிவில் 3 ஆண்டு வரை ஜெயில். நஷ்டத்தையும் கட்டணும். மதுரையில் 2023 ஆகஸ்ட் 26-ந் தேதி சுற்றுலா ரெயில் பெட்டி எரிஞ்சு 9 பேர் இறந்தது, திருட்டுத்தனமா கொண்டு வந்த கியாஸ் சிலிண்டரால்தான்.

தபாலில் வெடிபொருள் அனுப்பவே கூடாது. விமானத்தில் லைசென்ஸ் உள்ளவர் முன்கூட்டியே சொல்லி, அளவோட முழு தோட்டா கொண்டு போகலாம். தனி கருமருந்து, தனி கேப்புக்கு பயணிகள் பெட்டியில் இடமே இல்லை. தோட்டாவை வீட்டிலேயே ரீலோடு பண்ணுறது சகஜமா இருக்கிற அமெரிக்காவில் கூட, கருமருந்தும் கேப்பும் அரசு தபாலில் போட தடைதான். தனியார் லாரி கம்பெனிகள் ஆபத்து லேபிள் ஒட்டி, கூடுதல் கட்டணம் வாங்கித்தான் எடுக்குறாங்க.

லைசென்ஸ்தாரர் என்ன செய்யணும்?

* லைசென்ஸ் பெற்ற கடையில் மட்டும் வாங்கணும். ஒரே நேரத்தில் எவ்வளவு வைத்திருக்கலாம், வருஷத்துக்கு எவ்வளவு வாங்கலாம் என்பது லைசென்சிலேயே எழுதியிருக்கும். அதை தாண்டக்கூடாது.

* பில்லும் லைசென்சும் கூடவே இருக்கணும். போலீசார் கேட்டா காட்டணும்.

* லைசென்ஸ் எந்த எல்லைக்கு செல்லுமோ அதுக்குள்ள மட்டும்தான். கர்நாடகா பக்கத்தில்தானே இருக்கு என்று எல்லை தாண்டினா சிக்கல்.

* தெரிஞ்சவர் கிட்ட கொடுத்து அனுப்புறது, பொருளை மறைச்சு வேற பேரில் பார்சல் போடுறது கூடவே கூடாது.

* 2019-ம் ஆண்டு திருத்தத்துக்கு பிறகு லைசென்ஸ் காலம் 5 ஆண்டு. முடியுறதுக்கு முன்னாடியே புதுப்பிக்கணும்.

லைசென்ஸ் இல்லாம துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருந்தா, அதே திருத்தப்படி குறைஞ்சது 2 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு ஜெயில், அபராதம் வேற. அதை வைத்து காட்டுப்பன்றியையோ மானையோ சுட்டா வனவிலங்கு சட்டமும் சேர்ந்து பாயும்.

பஸ்சிலோ லாரியிலோ சந்தேகமான மூட்டை இருந்தா தொடாதீங்க, பிரிச்சு பார்க்காதீங்க. தள்ளி நின்று 112-க்கு போன் போடுங்க. ரெயில் என்றால் 139. போன் போட ஒரு நிமிஷம்தான். அது ஒரு பஸ் ஜனத்தையே காப்பாத்தும்.